உப்பு வைத்த பக்கம்

தணிகாசலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகத்தான் இருக்கும். குன்றத்தூரிலிருந்து பட்டணம் போகிற காலை வண்டியில் காய்க்கூடைக்காரிகள்கூட ஒரு தடவை மூக்கைச் சுருக்கிவிட்டு நின்றுகொண்டே வருவார்கள். எல்லாம் பிணத்தைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் வாடை. பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு ஆய்வுக்கூடம் முழுதும் அவர் பொறுப்பு. பதினெட்டு மேஜைகள், நாலு சிமெண்டுத் தொட்டிகள், கண்ணாடி ஜாடிகள் அடுக்கிய நீள அறை ஒன்று. எந்தச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை சட்டைக் காலரில் உட்கார்ந்து கூடவே வந்துவிடும். மனைவி அவர் துணியைத் தனி வாளியில்தான் ஊறவைப்பாள். அவருக்கு இதிலெல்லாம் வருத்தம் கிடையாது. கால் நீட்டி உட்கார இடம் கிடைக்கிறதே, அதைக் கெடுத்துக்கொள்வானேன் என்பார்.

அந்த வேலைக்கு வருவதற்குமுன் பன்னிரண்டு வருஷம் மூளை ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றில் இருந்தார். மெழுகில் பதித்த மூளையைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுகளில் ஒட்டி எண் போடுகிற வேலை. ஒரு மூளைக்கு மூவாயிரம் சீவல் வரும். ஒன்று தவறினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பேராசிரியர் ஓய்வு பெற்றதும் பிரிவை மூடிவிட்டார்கள். பாதி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையோடு தணிகாசலம் இங்கே வந்து சேர்ந்தார். வந்த முதல் மாதமே ஒரு சட்டம் போட்டார். எந்த உடம்பிலிருந்து எதை எடுத்தாலும் அது கிடந்த மேஜையின் எண், இடதா வலதா என்ற குறி, இரண்டும் எழுதிய தகரச் சீட்டு அதில் தொங்க வேண்டும். வருஷக் கடைசியில் அந்த மனுஷன் மொத்தமாகப் புதைகுழிக்குப் போக வேண்டும். "எடது கையி ஒருத்தனுது, வலது கையி இன்னொருத்தனுதுன்னு அனுப்பினா மேல போயி அவன் யாரக் கேப்பான்?" என்று மாணவர்களிடம் கோபமாகவே கேட்பார்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. தொட்டிக்கு மருந்துக் கலவை அளந்துகொண்டிருந்தார். உதவியாள் தாவீது வந்து நின்றார்.

"சார், உங்க தங்கச்சி கேட்டாண்ட நிக்குது. உள்ள வான்னா வர மாட்டேன்னுது."

அம்சவல்லி சைக்கிள் ஷெட்டின் ஓரம் ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வல்லத்தில் வாழ்க்கைப்பட்டு பத்தொன்பது வருஷம் ஆகிறது. அண்ணன் வேலை செய்கிற இடத்துக்கு அவள் வந்தது அதுவே முதல் தடவை.

"இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம?"

"கம்பெனி டாக்டராண்ட வந்தோம்ணா. ஃபிட்டுன்னு எய்திக் குட்த்துட்டாரு. திங்கக்கெயமயிலேர்ந்து அவருக்கு ஷிஃப்ட்டு."

"அதுக்குள்ளயா? ரெண்டு மாசம்கூட ஆவலையே."

"டாக்டரு கையத் தூக்குன்னாரு, இவரு தூக்கினாரு. ஒத்தக் கால்ல நில்லுன்னாரு, நின்னாரு. பேரு, ஊரு கேட்டாரு, டக்கு டக்குன்னு சொன்னாரு. அதுக்கு மேல இன்னா வோணும்?"

அவள் புருஷன் கண்ணப்பன் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இரும்புத் தகடு அடிக்கிற கம்பெனி ஒன்றில் பிரஸ் ஓட்டுகிறவன். புரட்டாசியில் ஒரு நாள் ஷிஃப்ட் நடுவிலேயே சரிந்து விழுந்தான். இடது கையும் காலும் துவண்டுபோயின. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தான். பிறகு கை வந்தது, கால் வந்தது, வாய் மட்டும் போகவே இல்லை, அது முன்னைப்போலவே வைதுகொண்டிருந்தது.

"மாப்ள எங்க?"

"டீக்கடயில கீறாரு. பொணம் கீற எடத்துக்கு வர மாட்டாராம்." அவள் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லட்டாணா? நீ சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"அவரு மாறிட்டாருணா."

"எப்பிடி?"

"பாதி எலைய எனுக்குன்னு வுட்டுட்டு எய்ந்துக்கிறாரு."

தணிகாசலம் சிரிக்கவில்லை. அந்த வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியும். புருஷன் சாப்பிட்ட தட்டிலோ இலையிலோதான் பெண்டாட்டி சாப்பிட வேண்டும். மாமியார் பாப்பம்மாள் அப்படித்தான் சாப்பிட்டாள், மருமகளும் அப்படியே. ஆனால் கண்ணப்பன் எழுந்தால் ஒரு பருக்கை மிஞ்சாது. வழித்துத் தின்கிற ஆள். பத்தொன்பது வருஷமாகத் தங்கச்சி அடிச்சட்டிக் குழம்பும் தீய்ந்த சோறும் தின்றுதான் காலம் தள்ளினாள். இப்போது, உடம்பு தேறுகிறவரைக்கும் வாழையிலையில்தான் சாப்பிட வேண்டும் என்று வைத்தியர் ஒருவர் சொல்லிவிட்டதால், தினமும் கொல்லையிலிருந்து நுனியிலை அறுத்துப் போடுகிறார்கள்.

"ஒரு நாளு ரெண்டு நாளு இல்லணா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாளா இப்பிடித்தான். பொரியலு, மீனு, முட்ட எதுவா இருந்தாலும் பாதி அப்பிடியே கெடக்குது. கோடு போட்டாப்ல. மாமியாருக்கு வயித்தெரிச்சலு. புள்ளயப் பட்டினி போட்டு நீ துன்னுறேன்னு பேசுது."

"அவரு வாயத் தொறந்து எதுனா சொல்றாரா?"

"அவரா? வாயத் தொறந்தா உப்பு வெக்கலன்னு திட்டுதான். வெச்சிட்டு நிக்கிறேன், வெக்கலன்னுவாரு." அவள் முகம் ஒரு கணம் இளமையாகத் தெரிந்தது. "போவுது போ. வாயால சொல்லத் தெரியாத மனுசன். சாவப் பாத்துட்டு வந்துகீறாரு இல்ல? ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வாண்ணா. ஏரி மீனு வாங்கச் சொல்லிக்கீறேன்."

அவள் போன பிறகு தணிகாசலம் மனது நிறைந்து வேலை பார்த்தார். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, கோடு போட்டாப்ல என்று அவள் சொன்னது மட்டும் ஏனோ திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை இல்லை. வல்லம் நிறுத்தத்தில் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு வழியாக நடந்தார். இரண்டு பக்கமும் பயிர் முழங்கால் உயரம் நின்றது. எட்டத்தில் கம்பெனிக் கூரை ஒன்று புதுத் தகரத்தோடு பளபளத்தது.

வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பாப்பம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "வாப்பா. பொணத்துக்கெல்லாம் இன்னிக்கி லீவு வுட்டியா?"

"அவுங்க யாரும் ஓட மாட்டாங்க அத்த. நாளிக்கிப் போயிப் பாத்துக்கலாம்."

"வந்ததும் வராததுமா குளிச்சிட்டு உக்காரு. என் புள்ள நோயில கெடந்தவன்."

குளித்துவிட்டு வந்தபோது கண்ணப்பன் கொல்லையிலிருந்து வந்தான். ஆள் தேறித்தான் இருந்தான். வலது காலில் செருப்பு இருந்தது, இடது கால் வெறுங்கால். நிலைவாசலில் நுழையும்போது இடது தோளை மரத்தில் நன்றாக இடித்துக்கொண்டான். நின்றுகூடப் பார்க்கவில்லை.

"வாங்க மச்சான். நாளிக்கி ஏழு மணி ஷிஃப்ட்டு. சூப்பர்வைசரு எல்லப்பன் ஆளு அனுப்பிட்டாரு. நான் இல்லாம லைனு நாறிக் கெடக்குதாம்."

"மொழங்கை இன்னா மாப்ள இப்பிடிக் கன்னிப் போயிருக்கு?"

"எது?" என்று கண்ணப்பன் வலது முழங்கையைத் திருப்பிப் பார்த்தான். கன்றியிருந்தது இடது முழங்கை.

கூடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு இலை போட்டாள் அம்சவல்லி. நுனி இடது பக்கம் வருகிறாற்போல் போட்டு, இடது மூலையில் உப்பு வைத்தாள். அடுத்து வெண்டைக்காய்ப் பொரியல், வறுத்த விரால் துண்டு இரண்டு, வலது பக்கம் கீரையும் இன்னொரு துண்டு மீனும். நடுவில் சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றினாள். பிறகு புருஷனுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"உப்பு எங்கடி?" என்றான் கண்ணப்பன்.

"வெச்சிக்கீறேனே."

பதில் இல்லை. அவள் அண்ணனைப் பார்த்து, பார்த்தியா என்பதுபோல் உதட்டைச் சுழித்தாள். கண்ணப்பன் சாப்பிட்டான். கீரையைத் தின்றான், வலப்பக்கத்து மீனை முள்ளோடு மென்றான். சோற்றுக் குவியலின் வலது பாதி கரைந்துகொண்டே வந்து, இடது பாதி வெட்டிவிட்ட ஏரிக்கரைபோல் செங்குத்தாக நின்றது. அதைத் தாண்டி அவன் கண் போகவில்லை. விரல் போகவில்லை. வெண்டைக்காயும் இரண்டு மீன் துண்டும் உப்பும் இருந்த இடத்தில் அவனுக்கு எதுவுமே இல்லை. சாப்பிட்டு முடித்தவன்போல் விரலை நக்கிவிட்டு எழுந்தான்.

தணிகாசலம் கையிலிருந்த மீனை இலையிலேயே வைத்துவிட்டார். பழைய ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு மூளையை எட்டு மாதம் சீவியிருக்கிறார். வலது பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், வெந்த கிழங்கு மாதிரி ஓர் இடம் இளகிப்போயிருந்தது. அந்த நோயாளியின் ஆஸ்பத்திரிக் குறிப்பை அவரே நகல் எடுத்தார். தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுச் சோறு போதவில்லை என்று நர்ஸோடு சண்டை போடுகிறார், இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணில் கோளாறு இல்லை, தனக்கு ஒன்றுமில்லை என்கிறார். வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது.

அம்சவல்லி அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மீன் துண்டை எடுத்து அவசரமில்லாமல் முள் பிரித்தாள். பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து மரியாதை கிடைத்துவிட்ட ஒருத்தியைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிட்டு முடியட்டும் என்று தணிகாசலம் எழுந்து வெளியே போனார். தன் தங்கச்சியின் சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

வெளியே கண்ணப்பன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். தணிகாசலம் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி அவன் முன்னால் குறுக்கே பிடித்தார்.

"மாப்ள, இதுக்கு நடு எதுன்னு கிள்ளிக் காட்டுங்க."

"இன்னா வெளையாட்டு இது?"

"சும்மா காட்டுங்களேன்."

கண்ணப்பன் கிள்ளினான். குச்சியின் வலது ஓரத்தை ஒட்டி ஒரு விரற்கடை உள்ளே. இன்னொரு குச்சியிலும் அதே இடம். மூன்றாவதிலும் அதே.

"இது நடுவா?"

"பின்ன?"

தணிகாசலம் எவ்வளவோ பொறுமையாகச் சொன்னார். இடது பக்கம் என்ற ஒன்றை மூளை கவனிக்க மறந்திருக்கிறது, கண்ணும் கையும் நன்றாக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் இருப்பது மனசில் ஏறாது, நாளாக நாளாகச் சரியாகலாம், அதுவரைக்கும் பிரஸ் பக்கம் போகக் கூடாது. கண்ணப்பன் பாதியிலேயே எழுந்துவிட்டான்.

"எனுக்கு லெஃப்ட்டு தெரியாதா? இதோ லெஃப்ட்டு, இதோ ரைட்டு. பத்து வருசமா எடது கையால தகட்டத் தள்ளி வலது கையாலதான் எடுத்துக்கினு கீறேன். டாக்டரே ஃபிட்டுன்னு எய்தி குட்த்துட்டாரு. நீங்க செத்தவன் மண்டய அறுக்குறவரு, உயிரோட கீறவனப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?"

"எடது கையால தள்றதாலதான் சொல்றேன் மாப்ள. பிரஸ் எறங்குற எடத்துல உங்க கை கீதுன்னே உங்களுக்குத் தெரியாது."

"நாளிக்கி ஏழு மணிக்கு ஷிஃப்ட்டு. அவ்ளோதான்."

செத்தவன் மண்டை என்றது தணிகாசலத்துக்கு உறைக்கத்தான் செய்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை. இவனை நிறுத்த ஒரே ஓர் ஆளால்தான் முடியும்.

அம்சவல்லி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சொல்வதைச் சாம்பல் கையோடு கேட்டாள். முதலில் புரியாமல் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. உப்பு, செருப்பு, நிலைவாசல், இடது பக்கம் உட்கார்ந்து கூப்பிட்டால் பதில் வராதது என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, அவள் பாத்திரத்தை விட்டுவிட்டுக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப எனுக்குன்னு வெச்சது இல்லியா அது?"

"இல்லம்மா."

"கண்ணு தெரியாம வுட்டதா?"

"கண்ணு தெரியும். மனசுலதான் ஏறல."

"எனுக்கு அது போதுமா இருந்துச்சேணா." அவள் குரல் உடைந்தது. "எல்லாத்தியும் அறுத்துப் பாத்தே ஆவணுமா உனுக்கு? ஒரு மாசமா நான் நல்லா இருந்தேன். உனுக்குப் பொறுக்கலியா?"

சொல்லாமல் பஸ் ஏறிப் போயிருந்தால் தணிகாசலம் தன்னையே மன்னித்திருக்க மாட்டார், சொல்லிவிட்டபோதும் தன்னைப் பிடிக்கவில்லை. தண்ணீர் இறைத்து அவள் தேய்த்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். இரண்டு சொம்பு, ஒரு குண்டான் கழுவிய பிறகு அவள் கேட்டாள்.

"கை பூடுமா?"

"பூடும். ஒரு ஷிஃப்ட்டு தாங்காது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாம்பல் கன்னத்தில் அப்பியது. "நான் சொன்னா கேக்க மாட்டாரு. தெரியற மாரி காட்டணும்."

காலையில் ஷிஃப்ட் என்பதால் சாயங்காலம் ஆறு மணிக்கே இலை போட்டாள். தணிகாசலத்துக்கு ஏழு மணிக்குக் கடைசி பஸ். தூறல் ஆரம்பித்திருந்தது. சோறு, ரசம், மசித்த கீரை, அவித்த முட்டை ஒன்று. கீரையையும் முட்டையையும் வேண்டுமென்றே இடது ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பாப்பம்மாள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு இல்ல," என்றான் கண்ணப்பன் வழக்கம்போல். அவன் வலது பாதியைத் தின்று முடித்து விரலை நக்கினான்.

"ஆச்சா?" என்றாள்.

"இன்னா கீது இன்னும்? ஒரு முட்டகூட அவிக்கல நீ."

அம்சவல்லி அவனுக்கு எதிரே வந்து மண்டியிட்டாள். இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மெல்ல ஓர் அரை வட்டம் சுற்றினாள். இடது பக்கம் வலது பக்கமாக வந்து நின்றது.

கண்ணப்பன் இலையையே பார்த்தான். வெள்ளையாக முட்டை, பச்சையாகக் கீரை, அரைக் குவியல் சோறு, ஓரத்தில் உப்பு. முட்டையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இத எப்போ வெச்சே?"

அவள் இலையிலிருந்து கையை எடுத்தாள்.

"உன்னுத எனுக்கு வெச்சிட்டியா?" அவன் குரல் மாறிப்போனது. "நீ இன்னா துன்னுவே?"

பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கேள்வி அந்த வீட்டில் கேட்கப்பட்டதில்லை. தணிகாசலம் தங்கச்சியைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கேள்வியை அவள் வைத்துக்கொள்ளலாம். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"உங்களுதுதான் அது," என்றாள் அம்சவல்லி. "மொதல்லேர்ந்து அங்கதான் கீது. உப்பும் அங்கதான் கீது. தெனமும் அங்கதான் வெக்கிறேன். உங்க மனசுல ஏறல. நீங்க எய்ந்து போன பின்னாடி நான் துன்னுட்டு கீறேன்."

"சும்மா சொல்றே."

"ஒங்க அம்மாவக் கேளுங்க."

கண்ணப்பன் தாயைப் பார்த்தான். பாப்பம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பிரஸ்ஸுக்குள்ள கை கெடந்தாலும் இப்பிடித்தான் கெடக்கும். அங்க திருப்பிக் காட்ட நான் கூட இருக்க மாட்டேன்." இதைச் சொல்லும்போதுதான் அம்சவல்லி அழுதாள்.

கண்ணப்பன் தன் இடது கையைத் தேடினான். அது மடியில் கிடந்தது. வலது கையால் அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, விரல் விரலாகப் பார்த்தான். ஐந்து விரலும் இருந்தன. வெளியே தூறல் வலுத்தது.

"எல்லப்பனாண்ட நீங்களே சொல்லிடுங்க மச்சான்," என்றான் கடைசியில். "நாளிக்கி வரலன்னு."

"பெரிய ஆஸ்பத்திரில மூளை டாக்டரு ஒருத்தரு எனக்குத் தெரிஞ்சவரு. காலைல எங்க காலேஜ் கேட்டாண்ட வந்துடுங்க, நான் கூட வரேன்."

"பொணம் கீற எடத்துக்கா?"

"சைக்கிள் ஷெட்டாண்ட நில்லுங்க, போதும்."

கண்ணப்பன் தலையாட்டினான். முட்டையை எடுப்பான் என்று அம்சவல்லி காத்திருந்தாள். அவன் எடுக்கவில்லை. வலது கையால் இலையின் ஓரத்தைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டே திருப்பி, பழையபடி வைத்தான். முட்டையும் கீரையும் சோறும் மறுபடி அவனுக்கு இல்லாத பக்கத்துக்குப் போய்விட்டன. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. ஆனால் முகத்தைத் தூக்கி, எதிரில் இருந்த பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அந்தாண்ட கீறது உன்னுது," என்றான். "உப்ப மட்டும் இந்தாண்ட வை."